புங்கந்தழையும் சருகும்

தஞ்சை மாவட்டத்தில் நடவுக்கு முன் சேற்றில் தழை மிதிக்கும் வழக்கம் ரசாயன உரம் வருவதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. படுகைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் நின்ற புங்கம், வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கிளைகளைக் கழித்து வயலில் பரப்பிய உழவர்கள், எல்லாத் தழையும் ஒன்றல்ல என்பதைப் பயிரின் பச்சையைக் கொண்டே அறிந்திருந்தனர். இலையை உலர்த்திப் பொடித்துப் பகுத்தறியும் ஆய்வு இவ்வேற்றுமைக்கு எண்களைத் தருகிறது. ஈரம் போன புங்க இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.3 பங்கு தழைச்சத்தாகிய நைட்ரஜனும், வேப்பிலையில் 2.8 பங்கும் உள்ளன. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புங்கம், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பெறுவது இதற்கு ஒரு காரணமாகும். சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியத்தில் இடைவெளி இன்னும் பெரிது, புங்கத்தில் 2.4 பங்கு இருக்க, வேம்பில் அரைப் பங்குகூட இல்லை.

ஆயினும் அட்டவணைகள் மரத்துக்கு ஒரே எண்ணை அச்சிடுவது ஒரு வசதிக்காகத்தான், ஏனெனில் ஒரே மரத்தின் இலையும் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. செம்மை கலந்த புங்கந்தளிரில் எடைக்கு எடை தழைச்சத்தும் மணிச்சத்தாகிய பாஸ்பரசும் மிகுந்திருக்கும். இலை முற்றி, அதன் செல்சுவர்கள் தடிக்கத் தடிக்க, அவ்விரு சத்துகளின் விகிதம் குறைகிறது. இடம்பெயராத சுண்ணாம்புச்சத்து மட்டும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. பொட்டாசியமோ எந்தச் சேர்மத்திலும் இறுகப் பிணைந்திராததால், ஐப்பசி அடைமழையில் இலையிலிருந்தே ஓரளவு கழுவப்பட்டுவிடும்.

பெரிய மாற்றம் இலை பழுக்கும்போது நிகழ்கிறது. உதிர்வதற்கு முன் மரம் இலையின் பச்சையத்தையும் புரதங்களையும் சிதைத்து, தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியைக் காம்பு வழியாகக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த தளிருக்குச் சேமிக்கிறது. எனவே மாசி, பங்குனியில் மரத்தடியில் குவியும் சருகு, மரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் விட்ட மிச்சமே. கல்லணைக் கால்வாய்க் கரைத் தேக்கின் அகன்ற சருகும் அத்தகையதே. கரிமம் மிகுந்த அதை அப்படியே சேற்றில் இட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தாமே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் சில வாரம் வெளிறி நிற்கும்.

குறுவைக்கு இக்கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து ஆனியில் நடவு நடக்கும்போது, பங்குனியில் துளிர்த்த இலை விரிந்து முதிர்ந்திருக்குமே தவிரப் பழுத்திருக்காது. ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் 2.5 டன் பச்சைத்தழையில் எழுபது விழுக்காடு நீர் எனக் கொண்டால், புங்கந்தழை தருவது ஏறத்தாழ 25 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 21 கிலோ. யூரியா சில நாளில் கரைந்து தீர, தழை வாரக்கணக்கில் மெல்லக் கொடுக்கும். கரையில் மரம் குறைந்துபோய்ச் சருகையே நம்பவேண்டிய ஊர்களில், அதைச் சாணத்தோடு சேர்த்து மட்கவைத்த பின்னரே வயலில் இடுவது தகும்.