வாசித்த குரலும் கேட்ட செவியும்



ஒலிபரப்பிலும் அருட்பணியிலும் பெண்கள் ஆற்றிய பங்கை ஆராய இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது. வெவ்வேறு துறைகளை எதற்காக ஒன்றாகச் சேர்த்தீர்கள் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். இரண்டுமே ஒருவர் நின்று பேச ஊரே கேட்கும் இடங்கள். இரண்டிலும் பெண்ணை நெடுங்காலம் வாசலில் நிறுத்திவைத்தார்கள். அதற்குச் சொன்ன காரணமும் ஒன்றுதான்: பெண் குரலுக்கு அந்தக் கனம் போதாது என்றார்கள். அது பொய் என்று காட்டிய பெண்களைப் பற்றி இன்று பேசப் போகிறோம். சிவகாசியில் நின்று பேசுவதால், அவர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்றையும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன். செய்தி சொல்பவரின் கடமை செய்தியைச் சொன்னதோடு முடிந்துவிடுவதில்லை. யாரைப் பற்றிச் சொன்னாரோ அவரிடம் திரும்பிப் போய் உட்கார்ந்து கேட்பதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

முதலில் வானொலி. சென்னையில் 1924இல் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு வானொலிக் கழகம் தொடங்கினார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் ஒலிக்கத் தொடங்கின. நம் தென்பாண்டிச் சீமைக்குத் திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பரில் வந்தது. தொடக்கம் முதலே பெண்கள் பாடினார்கள், நாடகத்தில் நடித்தார்கள், மாதர் நிகழ்ச்சி நடத்தினார்கள். செய்தி மட்டும் ஆண்கள் வசமே இருந்தது. போர், தேர்தல், தலைவர் மறைவு போன்றவற்றை ஆண் குரல் சொன்னால்தான் நாடு நம்பும் என்பது அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தைத் தில்லியில் முதலில் உடைத்தவர் சயீதா பானு. நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு நாள் முன்பு, 1947 ஆகஸ்ட் 13 அன்று, அவர் உருதுச் செய்தி வாசிக்கத் தொடங்கினார். தமிழில் அந்தக் கதவைத் திறந்தவர் சரோஜ் நாராயணசுவாமி. தஞ்சை வட்டாரத்தை வேராகக் கொண்ட, மும்பையில் வளர்ந்த பெண்மணி. தில்லி வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் முதல் பெண் செய்தி வாசிப்பாளர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பணியைச் செய்தார். ஓய்வுக்குப் பின்னர் செய்திப் படங்களுக்கும் குரல் கொடுத்தார். 2009இல் தமிழக அரசு அவருக்குக் கலைமாமணி விருது வழங்கியது. 2022 ஆகஸ்டில் மும்பையில், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார்.

அவர் வாசிப்பின் சிறப்பை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். சொற்களை அவர் விழுங்கியதில்லை. ஒவ்வொரு பெயரும் முழுதாக வரும். மரணச் செய்தியில் குரல் உடையாது. வெற்றிச் செய்தியில் துள்ளாது. அந்த நிதானத்தால்தான் பஞ்சாயத்து ரேடியோவுக்கு அடியில் நின்று கேட்டவர்கள் அவரை நம்பினார்கள். ஒரு பெண் தன் பெயரைத் தானே சொல்லி நாட்டு நடப்பை அறிவிக்கிறாள் என்பது, அதைக் கேட்டு வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குச் சிறிய செய்தி அன்று. இலங்கை வானொலியில் விசாலாட்சி ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும், லண்டன் பி.பி.சி. தமிழோசையில் ஆனந்தியும் அதே மதிப்பைத் தத்தம் வழியில் ஈட்டினார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்து எழுதிய முழுமையான வரலாறு ஒன்று தமிழில் வந்தாக வேண்டும்.

இனி அருட்பணி. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு தனி உரிமை உண்டு. பக்கத்து ஊரான திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், இறைவனைப் பெண் குரலில் நேரே அழைத்துப் பேசியவள். மார்கழி விடியலில் அவளுடைய திருப்பாவையை எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் வானொலி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனாலும் கருவறைப் பணி பெண்ணுக்கு எட்டாமலே இருந்தது. 2023 செப்டம்பரில்தான் திருவரங்கத்தில் அர்ச்சகர் பயிற்சி முடித்த மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள்.

கிறித்தவத் திருச்சபையிலும் பாதை நீளமானதே. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து வந்த ராக்லண்ட் ஐயர் இந்தக் கரிசல் ஊர்களில் கூடாரமடித்துச் சுற்றி ஊழியம் செய்து, 1858இல் இதே சிவகாசியில் உயிர்நீத்தார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. ஆண் மிஷனரிகள் நுழைய முடியாத அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் நடந்தே போய், பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து, நோயில் துணையிருந்து, சாவு வீட்டில் கூட இருந்து அழுத ‘பைபிள் உமன்’களின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரியாது. அவர்களுக்குப் பிரசங்க பீடம் இல்லை. ஒரு பை, ஒரு புத்தகம், இரண்டு கால்கள், இவ்வளவுதான். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதில் 1976இல்தான் பெண்ணுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகி, அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் என்ற இடத்தைப் பெற்றார்.

ஆக, வானொலிப் பெண் ஊருக்கெல்லாம் பேசினார். ஆனால் கேட்பவர்களின் முகத்தை அவரால் பார்க்க முடியாது. ஊழியம் செய்த பெண் முகத்தைப் பார்த்தார், கையைப் பிடித்தார். ஆனால் அவர் கேட்டறிந்தது அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாழ்வில் சேர்த்த ஒருவரைப் பார்க்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் நிறம், பால் என்ற இரட்டைத் தடையைத் தாண்டிப் பேச வந்தவர்கள். ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையில் 1819இலேயே ஜரினா லீ பிரசங்கிக்கும் அனுமதியைப் போராடிப் பெற்றார். 1930களில் சிகாகோவின் லூசி சுமித் தன் ஆராதனையை வானொலியில் ஒலிபரப்பினார். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த ஏழைகளுக்குப் பொருளாதார மந்தக் காலத்தில் அந்தக் குரல் ஆதரவாக இருந்தது.

அந்த வழியில் வந்தவர் லிஸ் வாக்கர். ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கைச் சேர்ந்தவர். 1980இல் பாஸ்டனின் டபிள்யூ.பி.இசட். தொலைக்காட்சியில் சேர்ந்தார். பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையை எதிர்த்து 1974 முதல் கலவரங்கள் நடந்த நகரம் அது. அந்த நகரில், வார நாள் மாலைச் செய்தியை வழங்கும் இருக்கையில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நகரத்தின் நல்லதையும் கெட்டதையும் சொன்னார். 2001இல், அன்று சூடானின் தென்பகுதியாக இருந்த போர்ப் பூமிக்குப் போய்வந்தார். அடிமைப்பட்ட, வீடிழந்த பெண்களை நேரில் கண்டபின் தோழியருடன் சேர்ந்து அவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழுந்தது. ஹார்வர்டில் இறையியல் படித்து 2005இல் பட்டம் பெற்றார். குருத்துவப் பட்டமும் ஏற்றார். பின்னர் பாஸ்டனின் ராக்ஸ்பரி பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஆயரானார்.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயரை இந்த மேடையில் சொல்கிறேன். ராக்ஸ்பரி துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் நிறைந்த பகுதி. அப்படி இறந்த ஓர் இளைஞரின் பெயரில், துயருற்றவர்களுக்கான திட்டம் ஒன்றை அவருடைய திருச்சபை தொடங்கியது. குறித்த நாளில் எல்லோரும் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். இழந்தவர் எழுந்து தன் கதையைச் சொல்வார், மற்றவர் கேட்பார். ஒரு காலத்தில் இத்தகைய மரணங்களைச் செய்தியாக வாசித்தவர், இப்போது இழந்தவர்கள் தாமே பேசுவதற்கு இடம் அமைத்துக் கொடுத்தார். செய்தியாளராக இருந்து பெற்ற திறமையை அவர் ஊழியத்துக்காகத் துறக்கவில்லை. கேள்வி கேட்கவும், குறுக்கிடாமல் கேட்கவும் செய்தித் துறை கற்றுத்தந்ததைக் கையோடு கொண்டுபோனார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923 வாக்கில் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் இந்த மண்ணில் அடுப்பெரிய வழி செய்தவர்கள் என்ற நன்றி இந்த ஊருக்கு என்றும் உண்டு. தீப்பெட்டியாபீஸில் கட்டை அடுக்கியும், பெட்டி ஒட்டியும், பயராபீஸ் எனும் பட்டாசு ஆலையில் திரி வைத்தும், சரம் பின்னியும் இந்தத் தொழிலை வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். விபத்தில் போகிறவர்களிலும் அவர்கள் ஏராளம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் பலியானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு முறையும் செய்தி ஒரே வடிவில் வருகிறது: இத்தனை பேர் பலி, தலைவர்கள் இரங்கல், நிவாரணம் அறிவிப்பு, போர்மேன் கைது. மூன்றாம் நாள் செய்தி நின்றுவிடுகிறது. இறந்தவர் வீட்டில் எதுவும் நின்றுவிடுவதில்லை. மதுரைக்கும் சிவகாசிக்கும் தீக்காயப் பிரிவுக்கு அலைச்சல், கைவிரல் மடங்காத பெண்ணின் பிழைப்பு, தாயில்லாப் பிள்ளையின் பள்ளிக்கூடம், உள்குத்தகையில் நடந்த ஆலைக்கு யார் பொறுப்பு என்று இழுக்கும் வழக்கு என எல்லாம் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. எண்ணிக்கையைச் சொன்னோம், இறந்தவள் யார் என்று கேட்க நாம் திரும்பிப் போகவில்லை. இதை எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதுவோர், படிப்போர், ஆராய்வோர் எல்லோருக்கும் உள்ள கடனாகச் சொல்கிறேன்.

கேட்பதால் பயன் உண்டு என்பதற்கு இந்த ஊரே சான்று. தீப்பெட்டித் தொழிலில் உழைத்த பிள்ளைகளைப் பற்றி 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தைச் சலம் பென்னூர்கர் எடுத்தார். பிள்ளைகள் பேச நாடு கேட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடியுமுன் வேனில் ஏறிய பிள்ளைகள் பள்ளிக்குப் போனதில், அந்தக் குரல்களுக்கும் தீர்ப்புக்கும் சத்துணவுக்கும் பங்கு உண்டு.

ஆகவே இந்த அவையின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன்.

முதலாவது, தமிழ் ஒலிபரப்பில் பெண்களின் வரலாறு. நிலையம் நிலையமாகச் சென்று, ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்களையும் செய்தி வாசிப்பாளர்களையும் இப்போதே நேர்காணல் செய்யுங்கள். அவர்கள் பெற்ற ஊதியம், இரவுப் பணி, தற்காலிக நியமனம் ஆகியவற்றையும் கேளுங்கள். புகழுரை மட்டும் வரலாறாகாது.

இரண்டாவது, சாட்சியாபுரம் முதல் பாளையங்கோட்டை வரை உள்ள திருச்சபைப் பதிவேடுகளில் பைபிள் உமன்களின் பெயர்களைத் தேடுங்கள். ஓர் ஊழியக்காரியின் பெயராவது ஒவ்வோர் ஊரிலும் மீளட்டும்.

மூன்றாவதுதான் முதன்மையானது. விபத்தில் பிழைத்த பெண்களின், இழந்த குடும்பங்களின் வாய்மொழியை அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்து, சமுதாய வானொலியில் ஒலிபரப்புங்கள். கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 முதலும், தொண்டு அமைப்புகள் நடத்த 2006 முதலும் அரசு வழி திறந்திருக்கிறது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் அதைச் செய்து காட்டியது. சில கல் தொலைவு மட்டுமே எட்டும் ஒலிபரப்பு, ஆலைகளும் ஊர்களும் நெருங்கிக் கிடக்கும் இந்த வட்டாரத்துக்குப் போதும். அதில் மருந்துக் கலவையின் ஆபத்தை அனுபவப்பட்ட ஒரு பெண் சொன்னால், சுவரில் ஒட்டிய அறிவிப்பைவிட அது அழுத்தமாக விழும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் ஆள் உட்கார வைத்தால் மறுத்துப் பேசும் துணிவும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பிறக்கும்.

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டாசு ஆலைகளிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். நாங்கள் படிக்கும் கட்டுரைகளைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் போகக் கூடாது. இன்று பிற்பகல் அமர்வை உங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அந்த அமர்வில் பேராசிரியர்கள் கேட்பவர்கள், நீங்கள் பேசுபவர்கள். உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுங்கள். விருப்பமில்லாததை யாரும் கேட்க மாட்டார்கள்.

தெளிவாகச் சொல்லவும் பொறுமையாகக் கேட்கவும் தெரிந்த பெண்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களில் நாளை ஒரு செய்தியாளரும், ஓர் ஊழியரும், இரண்டுமான ஒருவரும் எழ வேண்டும் என்ற உறுதியோடு இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.