வாயில் ஊறும் நீர்

உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாய் ஊறுகிறதா? அந்த ஊறலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வீட்டில் அதை எச்சில் என்கிறோம், பட்டால் கை கழுவுகிறோம். கிள்ளானில் இருபது ஆண்டுகளாகப் பல் பார்த்துவரும் எனக்கோ அதைவிட நல்ல மருந்து தெரியாது. காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. நீங்கள் தே தாரிக் குடித்ததும் வாயிலுள்ள கிருமிகள் அதிலுள்ள சீனியை அமிலமாக்கிப் பல்லை அரிக்கத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும்; அரிபட்ட இடத்தில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பூசும். கூலி கேட்காத கொத்தனார்!

அந்தக் கொத்தனார் வேலைக்கு வராமல் போனால்?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஒரே ஆண்டில் ஈறோரம் முழுக்கச் சொத்தை. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். "பிரஷர் மாத்திரை மட்டும்தான்" என்றார். கூட வந்த மகளை வெளியே அனுப்பிவிட்டு, கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்கான மருந்து. "வெளியே தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லிடுவாங்க டாக்டர்" என்றார். வாய் வறண்டதால் நாள் முழுக்க அசாம் போய் என்ற புளிப்புப் பழமும் மிட்டாயும் சப்பியிருக்கிறார். காவல் இல்லாத பல்லுக்குப் புளிப்பும் சீனியும் ஓயாமல் போயிருக்கின்றன.

நேயர்களே, சுரப்பியைச் சுரக்கச் சொல்லும் செய்தியை நரம்பு நுனியிலிருந்து கொண்டுசேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். 1960களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் இந்த மாத்திரை அதன் வாசலை அடைத்துவிடுகிறது. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இதைத் தருவார்கள், கவனியுங்கள். செர்ட்ராலின் போன்ற புதிய மருந்துகளில் வறட்சி குறைவு. ஆனால் அறவே இல்லையென்று சொல்ல முடியாது.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! வாடிய மனத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து அது. 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர். இதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

தண்ணீர் இல்லாமல் கிரீம் கிராக்கர் இறங்கவில்லையா? இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதா? மருந்து தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கலாம். பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சீனியில்லாத சூயிங்கம், புளோரைடு பற்பசை. தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். ஆகவே படுக்கப்போகும் முன் பல் துலக்காமல் இருந்துவிடாதீர்கள். மனம் கனத்தால் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது: 15555.

அந்த அக்கா இப்போதெல்லாம் மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார். டிஷ்யூ இல்லை, மகளும் பக்கத்திலேயே நிற்கிறாள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு அட்டை ஒளிந்திருந்தால், அது மேசைக்கு வரட்டும்.