முன்காப்பு மாத்திரை



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சில சொற்கள் உறக்கத்தைக் கெடுக்கும். அத்தகைய சொல் ஒன்றை முன்னிட்டே இன்று பேச வந்திருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றாதவர்கள், அது தொற்றாதிருக்கும் பொருட்டு முன்னதாகவே உட்கொள்ளும் மருந்தைச் சுருக்கமாகப் 'பிரெப்' என்கின்றனர். இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'தடுப்பு மருந்து' என்றால், அம்மை குத்திக்கொள்வதுபோல் ஒருமுறை போதும் என்று படிப்பவர் எண்ணிவிடுவர். 'எச்.ஐ.வி. மருந்து' என்றாலோ, நோயுற்றோர்க்கு உரியது என்று ஒதுக்கிவிடுவர். 'முன்காப்பு மாத்திரை' என்று எழுதி வைத்தேன். முழு மனநிறைவு இல்லை. எனினும் பொய் இல்லை.

டெனோபோவிர், எம்ட்ரிசிடபின் என்னும் இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரை இது. அமெரிக்கா 2012ஆம் ஆண்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. தொற்றும் வாய்ப்பு மிகுந்தோர் அனைவருக்கும் இதனை வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. தவறாது உட்கொண்டால், உடலுறவின் வழியே எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைகின்றது. தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லை என்பதையும், சிறுநீரகம் நலமாக இருப்பதையும் சோதித்து அறிதல் வேண்டும். பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதனை தொடரும். மேகநோய்களை இது தடுக்காது. ஆகவே உறையைக் கைவிடலாகாது.

நம் நாட்டிலும் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரிலும் பாலியல் தொழில் புரியும் பெண்கள் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இம்மாத்திரையை உட்கொண்டனர். பணியை நடத்தியவை அப்பெண்களின் சொந்தச் சங்கங்களே. அம்முயற்சியில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்று ஏற்படவில்லை. படிப்பறிவு குறைந்தவர் நாள்தோறும் மாத்திரை விழுங்கமாட்டார் என்று குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து சொல்வோர் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும். எடுத்துச் சொல்பவர் தம்முள் ஒருவராக இருந்தால், மக்கள் கேட்கத்தான் செய்கின்றனர்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அப்படியிருந்தும், மருந்து வேண்டியவர்களுள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் வழி எளிதன்று. எச்.ஐ.வி. உற்றோர் உட்கொள்ளும் சிகிச்சையிலும் டெனோபோவிர் இருக்கிறது. ஓர் அறையில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கும் இளைஞன் அப்புட்டியை எங்கே ஒளித்து வைப்பான்? உடன் தங்கியிருப்பவன் பெயரைப் படித்துக் கைப்பேசியில் தேடினால் போதும். நலமாக இருப்பவன் அன்று மாலைக்குள் நோயாளியாகிவிடுவான். ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் இன்னொரு தடை உண்டு. 2018இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு சட்டத்தின் அச்சத்தை நீக்கிற்று. ஆனால் மருத்துவரின் முகச்சுளிப்பை எந்தத் தீர்ப்பு நீக்கும்? நாமக்கல்லிலிருந்து மாதக்கணக்காய் வெளியே செல்லும் லாரி ஓட்டுநரோ, இது தமக்கன்று, வேறு எவருக்கோ என்று எண்ணிக்கொள்கிறார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்குரிய இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைக் கண்டு பழகியிருப்பீர்கள். அப்பெயரைத் தில்லியிலோ சூரத்திலோ கேட்டால் வழி காட்டுவார் இல்லை. அங்கே அதனை 'ஐ.சி.டி.சி.' என்றே கேட்க வேண்டும். கட்டணமின்றி 1097 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். உங்கள் இசைவின்றிச் சோதிப்பதையும், முடிவைப் பிறர்க்கு வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. இன்னொன்று: அபாயம் நேர்ந்துவிட்ட பின்னரும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி இருபத்தெட்டு நாள் உட்கொள்ளும் மருந்து வேறு உண்டு. அதற்குக் காலதாமதம் ஆகாது.

இப்பொழுது ஆண்டுக்கு இருமுறை மட்டுமே செலுத்தும் லெனகாபவிர் என்னும் ஊசிமருந்து வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதனைப் பெற்ற இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுள் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று 2024இல் அறிவித்தனர். அமெரிக்கா 2025இல் ஒப்புதல் தந்தது. புட்டியை ஒளிக்கும் தொல்லை இதில் இல்லை. ஆனால் ஊசி என்ற உடனே மக்கள் இதனைத் தடுப்பூசி என்றுதான் அழைக்கப் போகிறார்கள். ஆறு மாதம் கழிந்தபின் மீண்டும் செல்ல மறந்துவிடவும் கூடும். அதற்கேற்ற சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நேயர்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.