வழக்கில் சிக்கிய பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்
(பொன்விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாக் கூட்டத்தில் வழக்கும் வாய்தாவும் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2022 ஜூலை 17 அன்று கனியாமூரில் நடந்த கலவரம் நீங்கள் அறிந்ததே. கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்து ஓடி, நூற்றுக்கணக்கில் கைதானவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் இருந்தனர். மலையிலே கதை வேறு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சாலையும் பள்ளியும் பின்தங்கிவிட்டன. படிப்பை விட்ட பையனைத் தேடி வருகிறவர்கள் இரண்டு பேர்: சாராயம் காய்ச்சுகிறவன், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகக் கூலிகள் 20 பேர் சுடப்பட்டு மாண்டார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. பிறகுதான் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது.

"பிடித்து உள்ளே போடவேண்டியதுதானே!" என்பார் சிலர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சென்னை மாகாணத்தில் 1920-லேயே சிறுவர் சட்டம் வந்துவிட்டது. இன்று 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவனை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம், ஆற்றுப்படுத்துவோரிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்தில் வைத்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. பதினாறு வயதைத் தாண்டியவன் கொடுங்குற்றம் புரிந்தால்தான் வேறு கணக்கு.

ஆனால் குழுமம் தீர்ப்புச் சொல்லுமுன் ஊர் சொல்லிவிடுகிறது. வாய்தாவுக்கு மலையிலிருந்து பஸ் பிடித்தால் அன்றைய பள்ளி போயிற்று. நாலு வாய்தா போனால், "இனி எதற்கு வருகிறாய்?" என்ற பார்வை. மீசை முளைத்தவன் எழுத்துக் கூட்டத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவும் கூசுகிறான். அவனுக்கு உபதேசம் வேண்டாம். நாம் செய்யாத உபதேசமா! முதல் சில வாரம் அவன் வாயே திறக்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். செங்கல் எண்ணிக்கையிலும் கொத்தனார் அளவிலும் கணக்கைத் தொடங்கலாம். 14 வயது நிரம்பியவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரே எழுதலாம்; வாய்தா நாள் அதற்குத் தடையில்லை.

1841-இல் குருவான தொன் போஸ்கோ துரின் நகரச் சிறைகளில் இளைஞர்களைக் கண்டார். வெளியே வந்தபின் ஏற்க ஆளில்லாததால்தான் திரும்பத் திரும்ப உள்ளே போகிறார்கள் என்று கண்டுகொண்டார். அவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்தார். நமக்கும் வழி அதுவே. அவனிடம் என்ன கேஸ் என்று கேட்காதீர்கள். அந்தத் தீர்ப்பு அவன் பிழைப்புக்குத் தடையாகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் நம் மண்டபம் பூட்டியேதான் கிடக்கிறது. சாவியைக் கொடுக்கப் பங்குப் பேரவை மனம் வைக்கவேண்டும். பட்டறை, தையல் கடை, மெக்கானிக் கடை வைத்திருப்போர் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். ஆளுக்கு ஒரு பையனை வேலை பழக ஏற்பதாக இருந்தால், இன்றிரவே பெயர் எழுதிக்கொள்கிறேன்.