ஓட்டத்திற்குத் துணை மன உறுதியா? வீட்டாரா?

நடுவர் அவர்களே! "விடியக்காலை ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிச்சா யாரும் ஓடலாம், மனசுதான் வேணும்"னு முழங்கிவிட்டு உட்கார்ந்தார் எதிரணி நண்பர். எந்திரிங்க, ஓடுங்க. அதே நேரத்துல தெருக் குழாயில தண்ணி வருதே, அதை யாருங்க பிடிக்கிறது? (சிரிப்பு)

நம்ம மதுரைக்குப் பக்கத்துல சக்கிமங்கலம். அந்த ஊர்ப் பிள்ளை ரேவதி வீரமணி. சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்தவர். வளர்த்தது பாட்டி ஆரம்மாள். அடுத்தவர் வயலில் வேலை, செங்கல் சூளையில் வேலை. 'பொம்பளப் பிள்ளைய எதுக்கு ஓட விடுறே?' என்று சொந்தபந்தம் கேட்டது. பாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. (கைதட்டல்)

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்வர நாளைக்கு 40 ரூபாய் பஸ் காசு. மனசு இருந்தது ஐயா, காசு இல்லை! பயிற்சியாளர் கண்ணன் முயற்சியில் டோக் பெருமாட்டி கல்லூரியில் இடமும் இலவச விடுதியும் கிடைத்த பிறகுதான் பயிற்சி நிலைத்தது. முதலில் ஓடியதெல்லாம் வெறுங்காலோடு. பிறகு ரயில்வேயில் வேலை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக், 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம். இறுதிச் சுற்றுக்கு நம் அணி போகவில்லை. அது கிடக்கட்டும், சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்!

தொடர் ஓட்டத்தில் ஓடியவர் நாலு பேர் என்று பத்திரிகை எழுதும். நான் பாட்டியையும் சேர்த்து எண்ணுகிறேன். மனசு மட்டும் போதும் என்கிற நண்பர், அந்த 40 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லட்டும், நடுவர் அவர்களே!