வேட்டைக்காரரின் கூடாரம்



வட அமெரிக்காவின் றொக்கி மலைகளிலே, இலையுதிர் காலத்தில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாடச் செல்வோரிடையே ஒரு வாதம் உண்டு. தடித்த கித்தான் கூடாரமா, இலேசான கூம்புக் கூடாரமாகிய டீப்பியா?

டீப்பி, சமவெளிப் பழங்குடியினர் காட்டெருமைத் தோலால் அமைத்த உறையுள். அதனைப் பின்பற்றியே படை அதிகாரி ஹென்றி சிப்லி, நடுவே ஒற்றைக் கம்பம் நாட்டிய கூடாரமொன்றை வகுத்து 1856இல் காப்புரிமை பெற்றார். இன்றைய வேட்டைக்காரரின் டீப்பி நைலோனால் ஆனது; சில கிலோ நிறையே உடையது; முதுகிற் சுமந்து செல்லலாம். கித்தான் கூடாரத்துக்கோ குதிரையோ வண்டியோ வேண்டும்.

ஆயினும், பருத்திக் கித்தான் ஈரத்தை வெளியே விடும். அடுப்பெரித்தால் நனைந்த உடை நன்கு உலரும். நைலோனில் மூச்சின் ஈரம் உட்புறத்தே துளிகளாகிப் படுக்கையிற் சொட்டும். டீப்பிக்குள்ளும் சிறு தகர அடுப்பு வைப்பதுண்டு. விறகு அணைந்ததும் குளிர் புகுந்துவிடும். உறைபனி இரவில் ஈர உடை உயிருக்கே உலை வைக்கும்.

நான் வேட்டைக்காரன் அல்லன். எனினும், கால்நடையாக உள்மலைக்குச் செல்பவருக்கு டீப்பியையே சொல்வேன். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அதன் இறைச்சியைப் பலமுறை நடந்து சுமந்திறக்க வேண்டுமே! வாகனப் பாதையருகே ஒரு வாரம் தங்குவோர் கித்தானைக் கைவிட வேண்டியதில்லை.