நில அளவும் பிழைதிருத்தமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தாரிற் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள். நிலத்தின் பொருட்டு வழக்காடி, அந்நிலத்தையே இழந்தவர்களும் நம்முள் உண்டு. ஆதலின் நிலத்தை அளக்குங் கருவிகளைப் பற்றியும், அவற்றால் விளையும் பிழைகளைப் பற்றியும் சில கூற முன்வந்தோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தமையனார் தம் நஞ்சையில் ஓர் ஏக்கரைத் தம்பிக்கு விக்கிரயஞ் செய்தார். ஊரிலிருந்த பழைய சங்கிலியால் அளந்து கல் நாட்டினர். சில ஆண்டுகள் சென்றபின் புதுச் சங்கிலியால் அளக்க, தம்பி வசத்தில் 1 ஏக்கர் 2 சென்ட் இருந்தது. "கல்லைப் பெயர்த்து நட்டான்" என்றார் தமையனார். "தெய்வமறிய நான் தொடவில்லை" என்றார் தம்பி. அன்றுமுதல் இரு வீட்டாரும் நன்மை தீமைகளுக்குங் கலவாமற் போயினர். மக்கள் இருவரையும் ஒருசேரக் காணாமலே தாயார் கண் மூடினார்.

பின்னொருநாள் பெரியவர் ஒருவர் இரு சங்கிலிகளையும் அருகருகே நீட்டிப் பார்த்தார். பழையது 8 அங்குலம் நீண்டிருந்தது!

இது எங்ஙனம் நேரும்? 1620-ல் கன்டர் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கணுக்களும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கணுக்களும் வளையங்களும் உராயுமிடங்கள் 800 எனக் கொள்வோம். இடத்துக்கு ஓர் அங்குலத்தில் நூற்றிலொரு பங்கு தேயினும், சங்கிலி 8 அங்குலம் நீளும். அஃதாவது நூற்றுக்கு ஒன்று. நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். நீளத்தை அகலத்தாற் பெருக்குதலின், பரப்பில் அப்பிழை நூற்றுக்கு இரண்டாகும். ஏக்கருக்கு 2 சென்ட், அல்லது 871 சதுர அடி. கல் நகரவில்லை, சங்கிலியே நீண்டது.

பிழை இருவகைத்து. கண் பிசகாலும் கை பிசகாலும் ஒருகால் மிகுந்தும் ஒருகால் குறைந்தும் வருவது ஒன்று. பன்முறை அளந்து சராசரி கண்டால் அது தேய்ந்துவிடும். எப்பொழுதும் ஒரே பக்கஞ் சாய்வது மற்றொன்று. நூறுமுறை அளப்பினும் அது நீங்காது. கருவியைச் செம்மையான அளவுகோலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கணக்கிற் சேர்ப்பதே அதற்கு மருந்து.

இதனை நன்குணர்ந்தவர் லாம்டன் துரை. அவர் 1802 ஏப்ரல் 10-ல் சென்னைப் பரங்கிமலையருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் ஏந்தி, உஷ்ணமானியையும் உடன் வைத்து அளந்தார். 10 பாகை சென்டிகிரேடு வெப்பம் ஏறினால் அச்சங்கிலி ஏழிலொரு அங்குலமே நீளும். அற்பமென்போம், ஏழரை மைலில் அது நாலரை அடியாகும்!

1808-ல் அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையிற் கயிறறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. அவர் யாரையும் பழித்துக் காலங்கழிக்கவில்லை. ஆறு வாரம் கூடாரத்திலிருந்து அதனைச் செப்பனிட்டபின் வேலையைத் தொடர்ந்தார்.

இன்று சங்கிலியின் இடத்தில் டோட்டல் ஸ்டேஷனும், விண்கோள்களின் குறிப்பை வாங்குங் கருவிகளும் வந்துவிட்டன. அவையும் சோதித்துத் திருத்தப்படவேண்டியனவே. கருவி புதிதாயினும் பிழை பழையதே.

சகோதரர்களே! எல்லையில் ஐயம் தோன்றினால் கச்சேரிப்படி ஏறுமுன் உரிய கட்டணஞ் செலுத்தி, இரு திறத்தாரும் உடனிருந்து, சர்வேயரைக் கொண்டு புலப்படத்தோடு ஒப்பிட்டு அளப்பியுங்கள். முன் அளந்த கருவி எது, அது சோதிக்கப்பெற்றதா என்று கேளுங்கள். உடன்பிறந்தானைக் கள்வனென்னுமுன் சங்கிலியை நீட்டிப் பாருங்கள். இரண்டு சென்ட் நிலத்தை மறுபடி அளக்கலாம். தாய் கண்மூடிய பின் வரும் சமாதானத்தை யாருக்குக் காட்டுவோம்?